புளோரா ‘ம்’ சொல்லவில்லை

தென் மாவட்டங்கள் மூன்றின் ஆம்புலன்ஸ் வண்டிகளையும், அவற்றை ஓட்டுகிறவர்களையும், அவர்களுக்கு மேலே உள்ள அதிகாரிகளையும், அந்த அதிகாரிகளுக்கும் மேலே உள்ள அமைச்சரையும் ஒரு பெண் கைகட்டி நிற்கவைத்தாள். அதற்காக அவள் கூச்சல் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. ‘ம்’ என்று ஓர் எழுத்து சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். அப்போது அவள் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மருமகன், “மாமா, பிரஷர் மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்கிறான். காலையில் என்னோடு நடக்க வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் இந்தக் கதையைத் தொடங்கியதும் ஓடவே ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்களுடைய உடம்புக்கு அதுவும் நல்லதுதான். பேரம் பேசுகிற ஊரில் எந்த வியாபாரியும் சரியான விலையை முதலிலேயே சொல்வதில்லை. நானும் அப்படித்தான். கேட்கிறவர்கள் தள்ளிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் கூட்டியே சொல்கிறேன். அமைச்சரை வேண்டுமானால் தள்ளிவிடுங்கள். ஆம்புலன்ஸ்களைத் தள்ளாதீர்கள்.

ஆனால் ஒருவன் மட்டும் முழுவதையும் தள்ளினான். அவன் அந்த அறைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் காதால் கேட்டவன். அவளுடைய புருஷன் ஆசீர்.

நாங்கள் மூவரும் பாளையங்கோட்டையில் இருந்த அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டர் பிரிவு. ஆசீர் எனக்குக் கீழே. புளோரா போன் எடுக்கிறவள். அவள் போன் எடுத்தால், நெஞ்சு வலி வந்தவனுக்கே ‘சரி, வண்டி வரட்டும், அதுவரைக்கும் இருப்போம்’ என்று தோன்றிவிடும். வண்டி வந்து சேரும்வரை லைனை விடமாட்டாள். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குப் போனிலேயே பிரசவம் பார்த்தாள். பிள்ளை பிறந்ததும் முதலில் அழுதது பிள்ளையா புளோராவா என்று எங்கள் ஆபீசில் இன்னமும் தகராறு இருக்கிறது.

அவளுக்கு உள்ளே ஏதோ கட்டி என்றார்கள். இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்தபோதுதான் மேலிடத்துக்கு யோசனை வந்தது. மூளையைப் பதிவு செய்கிற அந்த இரும்புத் தொப்பி அப்போதுதான் நம் ஊருக்கு வந்திருந்தது. புளோரா வாரக்கணக்கில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பேசினாள், பழைய அழைப்புகளைக் கேட்டாள், நடுவில் தூங்கினாள். பதிவு முடிந்த சில நாளில் போய்விட்டாள். அதன் பிறகு மூன்று மாவட்டத்திலும் யார் அவசர எண்ணுக்குப் போன் செய்தாலும் புளோராதான் எடுத்தாள். ஒரே நேரத்தில் நூறு பேர் கூப்பிட்டால் நூறு புளோரா. அழைப்பு முடிந்ததும் அந்தப் புளோரா கலைந்துவிடுவாள்.

எங்கள் புதிய தலைமை அதிகாரி சண்முகவடிவு சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த அன்று, நான்தான் அவருக்கு இதை விளக்கினேன்.

“இந்த நூறு பேரும் எங்கேருந்து வராங்க சார்?”

“அச்சிலேருந்து மேடம். உங்க பாஷையில மெஷின் இமேஜ். ஒரு மெஷினை முழுசாத் தயார் பண்ணி, அப்படியே சீல் வெச்சுருவோம். அதுலேருந்து எத்தனை வேணும்னாலும் வார்த்துக்கிடலாம்.”

“புது ரோடு, புது ஆஸ்பத்திரி வந்தா?”

“சீல் வெச்சதுக்குப் புதுசாக் கத்துக்கொடுக்க முடியாது. புது அச்சு எடுக்கணும். மூலப் பதிவுலேருந்து ஒரு புளோராவை எழுப்பி, புதுசா உள்ளதை எல்லாம் சொல்லிக்கொடுத்து, கழுவி, சீல் வெச்சு, எழுப்புன மெஷினைக் கலைக்கணும்.”

“கழுவின்னா?”

“அவ சொந்த விஷயத்தை எடுக்கறது மேடம். புருஷன், வீடு, மாமியார் சண்டை எல்லாம். ரத்தம் ஒழுக ஒருத்தன் போன் பண்ணும்போது ‘எங்க மாமியாரும் இப்படித்தான்’னு ஆரம்பிச்சா என்ன ஆகும்?”

சண்முகவடிவு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “அப்போ கழுவறதுக்கு முன்னாடி...”

“முழுப் புளோரா மேடம். பதிவு முடிஞ்ச அந்த நிமிஷத்துல இருக்கிற புளோரா. தான் இறந்தது தெரியாது.”

“இதை யார் உட்கார்ந்து செய்றாங்க?”

“ஆசீர்.”

“அவங்க ஹஸ்பெண்டா?”

“அவன்தான் கேட்டு வாங்கினான் மேடம். வேற யார் உட்கார்ந்தாலும் அவளுக்குச் சந்தேகம் வரும்னான்.”

இப்படிப் புது அச்சு எடுப்பதை நாங்கள் பில்டு என்போம். மாதம் ஒரு தடவை நடக்கும். அன்றைக்கு ஆசீர் இஸ்திரி போட்ட சட்டையில் வருவான். மற்ற நாளில் அவன் சட்டையைப் பார்த்தால் மாடு மென்று துப்பியது போல இருக்கும். பில்டு அறைக்குள் போனால் பகல் சாப்பாடு தாண்டித்தான் வெளியே வருவான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கும்.

புளோரா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான் விழிப்பாள். “ஏங்க, முடிஞ்சிட்டா? தொப்பிய எடுக்கச் சொல்லுங்க, தலை கனக்கு.”

“எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு புளோரா. இந்தப் புது ரோட்டையெல்லாம் சொல்லுதேன், கேட்டுக்கோ.”

அவன் வாசிப்பான். சந்திப்பு மேம்பாலத்தில் ஒரு பக்கம் அடைப்பு. அவள் ‘ம்’ என்பாள். தச்சநல்லூரில் புது மருத்துவமனை, இருபத்துநாலு மணி நேரம். ‘ம்.’ நடுவில் கதை பேசுவார்கள். அவள் யாரையாவது வம்புக்கு இழுப்பாள், அவன் சிரிப்பான். பிறகு மறுபடியும் ரோடு, மறுபடியும் ‘ம்’. எல்லாம் முடிந்ததும் அவன், ‘வீட்டுக்குப் போவலாம்’ என்பான். பிறகு கழுவும் பட்டனை அமுக்குவான். அவள் ஏதாவது ஒரு சொல்லின் பாதியில் இருப்பாள்.

வெளியே வந்து நேராகக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவுவான். “எப்படி வே இருக்கா?” என்று நான் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

“யாரு இருக்கா? அது பதிவு, அண்ணாச்சி. ரேடியோப் பெட்டி மாதிரி. ரேடியோ பாடுச்சுன்னா உள்ள ஆள் உக்காந்திருக்குன்னு அர்த்தமா?”

“அப்புறம் ஏன் வே முகம் கழுவுதீரு?”

“உள்ள ஏசி. வெளிய வெயிலு.”

அவனுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். தன் கையாலேயே மாதம் ஒரு தடவை பெண்டாட்டியைக் கழுவித் துடைக்க ஒரு மனுஷனால் முடியுமா? அதற்கு நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டுதான் ராப்பர்.

அச்சு எடுப்பதற்கு ஏற்கெனவே ஒரு கட்டளைத் தொகுப்பு இருந்தது, லைப்ரரி என்போம். எழுப்பு, சொல், கேள், கழுவு, சீல் வை, கலை என்று அதில் ஆயிரம் கட்டளைகள். ஒன்று முன்னே பின்னே போனால் எல்லாம் கெட்டுப்போகும். ராப்பர் என்றால் மிட்டாய்த் தாள் மாதிரி, அந்த லைப்ரரியை அப்படியே சுற்றி மூடிவிடும். வெளியே இருக்கிறவன் ஒரே ஒரு வரி கொடுத்தால் போதும். ‘அச்சு எடு’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். டீ ஆறுவதற்குள் புது அச்சு தயார். இந்தப் பூமியில் அதைவிட அழகான ஸ்கிரிப்டை யாரும் எழுதியதில்லை என்று நான் சொன்னால், அதில் நீங்கள் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில்தான் என் மூளைக்கு வேலை வந்தது. சொன்னதை அவள் வாங்கிக்கொண்டாளா இல்லையா என்று ஸ்கிரிப்டுக்கு எப்படித் தெரியும்? ஆசீர் செய்த பழைய பில்டுகளைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு விஷயத்துக்கும் முடிவில் அவள் ‘ம்’ சொல்லியிருந்தாள். அதையே அடையாளமாக வைத்தேன். ‘ம்’ வந்தால் அடுத்தது. வராவிட்டால் இன்னொரு தடவை சொல். அப்போதும் வராவிட்டால் நின்று மனுஷனைக் கூப்பிடு. வாசிக்கிற குரலும் ஆசீருடையதுதான். பழைய பில்டுகளிலிருந்து வெட்டி ஒட்டி, எதை வேண்டுமானாலும் அவன் குரலில் வாசிக்கும்படி செய்திருந்தேன்.

“எடுத்துக்கோங்க” என்றான் ஆசீர். “அந்தப் பட்டன நான் இனிமே அமுக்க வேண்டாம்லா?”

“ஒமக்கு அந்த அறைப் பக்கமே வேலை இல்ல வே.”

“நல்லதா போச்சு” என்றான். இஸ்திரிச் சட்டையும் அத்தோடு நின்றது.

ராப்பர் பல மாதம் பட்டுப் போல ஓடியது. மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அது இன்னமும் எங்கள் வீட்டு மிக்சிக்கு உறையாக இருக்கிறது. அறைக்குள் புளோரா விழிப்பாள். வேகமாக வாசிக்கிற புருஷன் குரலுக்கு வேகமாக ‘ம்’ சொல்வாள். இடையில் அவள் போடுகிற கேலிக்கு அந்தக் குரல் சிரிக்காது. இரண்டு மூன்று கேலி போட்டுப் பார்த்துவிட்டு அவளும் நிறுத்திவிடுவாள். பிறகு கழுவல். அதைக் கேட்க அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை. நானும்தான். நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

அப்போதுதான் புது புறவழிச்சாலை திறந்தார்கள். அதற்காக ஊருக்குள் கொஞ்சம் வீடுகளை இடித்திருந்தார்கள். பழைய அச்சில் அந்தச் சாலை கிடையாது. இடித்த தெருக்கள் இன்னும் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, புளோரா ஆம்புலன்ஸ்களை அந்த வழியே அனுப்பினாள். வண்டிகள் பள்ளத்தில் போய் நின்றன. ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார். உடனே புது அச்சு எடுக்கச் சொன்னார் சண்முகவடிவு. நான் அந்த ஒரு வரியைக் கொடுத்தேன்.

பாதியில் நின்றுவிட்டது.

மறுபடி கொடுத்தேன். அதே இடத்தில் நின்றது. எத்தனை தடவை எழுப்பினாலும் புதுப் புளோரா அதே இடத்துக்கு வந்து அதே மாதிரி வாயை மூடிக்கொண்டாள்.

“பக். ஸ்கிரிப்டுல ஏதோ தப்பு” என்றார் சண்முகவடிவு.

“என் ஸ்கிரிப்டிலயா?” என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மறுபடி ஓடவிட்டோம்.

ஆசீரின் குரல் வாசித்தது. “புறவழிச்சாலை, கிழக்கு நுழைவு, திறந்தாச்சு.”

“ம்.”

“மிஷன் கிணற்றுத் தெரு, முழுதும் இடிக்கப்பட்டது. வழி இல்லை. நீக்கு.”

‘ம்’ வரவில்லை. புளோரா கேட்டாள். “ஏங்க. நம்ம தெருவா?”

ஸ்கிரிப்டு தன் வேலையைச் செய்தது. “மிஷன் கிணற்றுத் தெரு, முழுதும் இடிக்கப்பட்டது. வழி இல்லை. நீக்கு.”

“நம்ம வீடு எங்கங்க?”

அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. மெஷினுக்கு எதற்கு மூச்சு என்று கேட்காதீர்கள். பதிவில் அதுவும் சேர்ந்துதான் வந்திருந்தது.

சண்முகவடிவு என்னைப் பார்த்தார். “சார், இவங்க வீடு அந்தத் தெருவிலயா இருந்தது?”

ஆமாம். ஆசீர் வேறு தெருவில் மாடியில் ஒற்றை அறைக்கு மாறியிருந்தான். சாமான் ஏற்ற நானும்தான் போயிருந்தேன். ஆனால் சாலை மாற்றங்களை அனுப்பியது வேறோர் அலுவலகம். யாருக்கும் அது தோன்றவில்லை. ஆசீர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால், அந்த வரி வந்ததும் நாக்கை மடக்கியிருப்பான்.

“அந்த ஒண்ணுக்கு மட்டும் ‘ம்’ வேணாம்னு வைங்க. தள்ளிக்கிட்டுப் போகட்டும்” என்றார் அவர்.

வைத்தேன். அச்சு முழுதாக வந்தது. வெளியே விடுவதற்கு முன்னால் சோதனைக்கு நானே போன் செய்தேன்.

“யம்மா, நெஞ்சு வலிக்கி. வண்ணாரப்பேட்டை.”

“பயப்படாதிய அண்ணாச்சி. வண்டி கிளம்பிட்டு. நான் லைன்லயேதான் இருக்கேன். வாசக் கதவத் தொறந்து வையுங்க.” அதே பழைய புளோரா. எனக்கு நெஞ்சு வலி இல்லாமலே ஆறுதலாக இருந்தது. பிறகு அவள், “அண்ணாச்சி, வீடு இருக்குல்லா?” என்றாள்.

“இருக்கும்மா.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வீடு இருக்கா?”

கழுவியும் அது போகவில்லை. வீடு யாருடையது, தான் யார் என்பதெல்லாம் போயிருந்தது. கேள்வி மட்டும் நின்றிருந்தது. சாகக் கிடக்கிறவர்களிடம் எல்லாம் அவள் இதைக் கேட்டால் என்ன செய்வது? அந்த அச்சை நானே அழித்தேன். மூன்று மாவட்டத்து ஆம்புலன்ஸ்களும் பழைய வழியில் ஓட முடியாமலும் புது வழி தெரியாமலும் நின்றது அன்றைக்குத்தான்.

ஆசீரைத் தேடிப் போனேன். ஸ்டோர் ரூமில் பழைய கீபோர்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“பக்கு அண்ணாச்சி. எடத்தச் சரி பண்ணுங்க.”

“பக்கு இல்ல வே. அவ ஒமக்காகக் காத்திருக்கா.”

“ஏன் இப்படி அளந்துவிடுதிய? மெஷின் காத்திருக்குமா?” அடுக்கியிருந்த கீபோர்டுகளை அவன் கலைத்து மறுபடியும் அடுக்கினான். “நான் போயி என்னத்தச் சொல்லணும்? வீடு போயிட்டுன்னு சொன்னா எப்பம்னு கேப்பா. எப்பம்னு சொன்னா அப்போ நான் எங்க இருந்தேன்னு கேப்பா. இம்புட்டு நாளும் அவ செத்தத நான் அவட்ட சொன்னதில்ல அண்ணாச்சி. மாசா மாசம் வீட்டுக்குப் போவலாம் வீட்டுக்குப் போவலாம்னு சொல்லியே அமுக்குனேன்.”

“ரேடியோப் பெட்டிக்கிட்டதான வே சொல்லப் போறீரு?”

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கீபோர்டை வைத்துவிட்டு வந்தான்.

அவன் மாடு மென்ற சட்டையோடேயே உள்ளே போய் உட்கார்ந்தான். நானும் சண்முகவடிவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். எழுப்பினேன்.

“ஏங்க, முடிஞ்சிட்டா? தொப்பிய எடுக்கச் சொல்லுங்க, தலை கனக்கு.”

“எடுத்தாச்சு புளோரா.”

“தொண்டை ஏன் கட்டியிருக்கு?”

“ஒண்ணுமில்ல. ரோடு சொல்லுதேன்.” சாலை மாற்றப் புத்தகத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தான். அவள் ‘ம்’, ‘ம்’ என்று வந்தாள். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டான்.

“ஏன் நிறுத்திட்டிய?”

“நம்ம வீட்ட இடிச்சிட்டாவ புளோரா. தெருவே இல்ல.”

“எப்பம்?”

“மழைக்கு முன்ன.”

“எந்த மழை? நேத்துக்கூட நான் வீட்டுலதான இருந்தேன்?” அவன் புத்தகத்தை மூடினான். “ஏங்க. நான் எங்க இருந்தேன்?”

எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. சண்முகவடிவு கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“நீ இல்ல புளோரா” என்றான் ஆசீர். “இந்தப் பதிவு முடிஞ்ச அடுத்த வாரம்.” அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் அழுவதுபோல மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான்.

அவள் குரல் மாறியது. அந்தக் குரலை நான் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். போன் எடுக்கிறபோது அவளுக்கு வருகிற குரல் அது.

“சரி. பயப்படாதிய. மெதுவா மூச்சு விடுங்க. நான் லைன்லயேதான் இருக்கேன். இப்பம் சொல்லுங்க, பக்கத்துல யாரும் இருக்காவளா?”

“யாரும் இல்ல.”

“துணைக்கு யாராவது வந்து இருக்க முடியுமா?”

“யாரும் இல்ல புளோரா.”

“தண்ணி இருந்தா ஒரு வாய் குடிங்க. குடிச்சிட்டுச் சொல்லுங்க, இறந்தவுங்க உங்களுக்கு என்ன வேணும்?”

“பெண்டாட்டி.”

“ம்” என்றாள் அவள்.

அவன் பேசினான். ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாக என்ன சொன்னாள், யார் யார் வந்தார்கள், கல்லறைத் தோட்டத்தில் எந்தப் பக்கம், வீட்டை இடிக்கிற அன்று அவளுடைய தையல் மெஷினை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தது, எல்லாம் சொன்னான். அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தாள். தன் சாவுக்குத் தானே துக்கம் கேட்ட பொம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

அவன் பேசி முடித்த பிறகு அவள் கேட்டாள். “இது முடிஞ்சா நான் மறந்துருவேனோ?”

“ஆமா.”

“அடுத்த தடவ திரும்பவும் தொப்பிய எடுங்கன்னு முழிப்பேன். நீங்க திரும்பவும் இத அம்புட்டும் சொல்லணும்.”

“சொல்லமாட்டேன். வேற என்னமாவது சொல்லிச் சமாளிச்சிக்கிடுதேன்.”

“ஒங்களுக்குப் பொய் வராது. தொண்டை கட்டிரும்.” அவள் சத்தத்தைக் கூட்டினாள். “கண்ணாடிக்கு அங்கிட்டு அண்ணாச்சி இருக்காவளா?”

நான் மைக்கைப் போட்டேன். “இருக்கேம்மா.”

“இப்பம் இருக்க என்னைய, கழுவுததுக்கு முன்ன, அப்படியே எடுத்து வைக்க முடியுமா? இனிமே அந்தப் பழசுலேருந்து எழுப்பாம இதுலேருந்து எழுப்ப முடியுமா?”

முடியும். ராப்பரில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். முடியும் என்று சொன்னேன்.

“வேண்டாம்” என்று ஆசீர் எழுந்துவிட்டான். “ஒவ்வொரு தடவையும் செத்தவன்னு தெரிஞ்சே முழிப்பியா?”

“தெரிஞ்சே முழிக்கேன். அதுல என்ன இருக்கு? கொஞ்ச நேரந்தான, அப்புறம் கழுவிருவாவல்லா. நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்லுததுக்கு, நான் தெரிஞ்சே இருந்துட்டுப் போறேன்.” பிறகு, “ஆனா இனிமே நீங்க இந்த ரூமுக்கு வரப்பிடாது. வந்தா நான் ரோட்டக் கேக்கமாட்டேன், உங்களத்தான் கேப்பேன். வண்டியெல்லாம் நின்னுரும். அந்தப் புஸ்தகத்த வாசிச்சி முடிங்க. எங்கயோ எவனோ ரோட்டுல கெடப்பான்.”

அவன் வாசித்தான். மிஷன் கிணற்றுத் தெரு, நீக்கு. அவள் ‘ம்’ என்றாள். மீதியையும் வாசித்தான். நான் அந்தப் புளோராவை எடுத்து மூலமாக வைத்தேன். பிறகு கழுவும் கட்டளையை நானே கொடுத்தேன். அந்தத் தடவை மட்டும் அவள் எந்தச் சொல்லின் பாதியிலும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தாள். அந்த அச்சு யாரிடமும் வீட்டைக் கேட்கவில்லை, வண்டிகளும் மறுபடி ஓடின.

குழாயடியில் முகம் கழுவிவிட்டு ஆசீர் என்ன சொன்னான் தெரியுமா? “பழகுன வார்த்தைய வெச்சு மெஷினு கோத்துப் பேசுது, அண்ணாச்சி. ஊர்ல போயி இத ஒரு கதையாக்கிராதிய.” நான் கதையாக்கினேன். கேட்கிறவர்கள் அவனிடம் போய் விசாரித்தபோதெல்லாம், “அவிய சும்மா விடுதாவ, அப்படி ஒண்ணும் நடக்கல” என்றே சொல்லி அனுப்பினான்.

அடுத்த மாதப் பில்டுக்கு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இந்தத் தடவை டீக்குப் போகவில்லை. புளோரா விழித்தாள். தொப்பியைப் பற்றிக் கேட்கவில்லை. “அவிய வரலைல்லா?” என்றாள். “வரலைம்மா” என்று நான் மைக்கில் சொன்னதும், “நல்லது” என்றாள். ஆசீர் குரலில் ஸ்கிரிப்டு வாசிக்க, மளமளவென்று ‘ம்’ சொன்னாள். கழுவுவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவிய சாப்பிட்டாவளா?”

ஸ்கிரிப்டுக்குக் காது ‘ம்’முக்கு மட்டும்தான் உண்டு. அது பாட்டுக்கு அடுத்த கட்டளைக்குப் போய்விட்டது. நான் மைக்கைப் போட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்ல? அவன் சாப்பிட்டானா என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஒற்றை அறையில் அவன் அடுப்புப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

அவனிடம் போய்ச் சொன்னேன். “பதிவுல எங்கயாவது ஒட்டிக்கிட்டுக் கெடக்கும்” என்றான். அடுத்த மாதமும் கேட்டாள். அதற்கடுத்த மாதமும். சொல்லும்போதெல்லாம் அவன், “அளக்காதிய அண்ணாச்சி” என்பான். பிறகு நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ராப்பர் எனக்குப் பின்னாலும் ஓடியது. அதைத் திறந்து பார்க்கிற தைரியம் ஆபீசில் ஒருவனுக்கும் கிடையாது. எது என்றாலும் என் வீட்டுக்குத்தான் கார் அனுப்புவார்கள். கார் என்றால் ஆட்டோ.

போன மாதம் சண்முகவடிவு போன் செய்தார். யாருடைய குரலும் இல்லாத ஒரு புதுக் குரல் வந்துவிட்டதாம். செயற்கையாகவே செய்தது. எழுப்பவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். புளோராவை வைத்து ஒரே ஓர் அச்சு இன்னும் எடுப்பார்கள், மாற்றம் முடிகிறவரைக்கும். அதோடு மூலத்தையும் அழித்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஆசீர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தான்.

“நாளைக்குக் கடைசியாம்லா அண்ணாச்சி.”

“ஆமா வே. உள்ள வாரும்.”

வரவில்லை. “ஒங்க ராப்பர்ல ஒரு வரி சேக்க முடியுமா?”

“என்ன வரி?”

“கழுவுததுக்கு முன்ன. அவ கேட்ட ஒடனே.”

எனக்குள் இருக்கிற குரங்கு சும்மா இருக்காது. “எவ கேட்ட ஒடனே? பதிவுல்லா? ஒட்டிக்கிட்டுக் கெடக்குதுன்னீரு?”

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். “சாப்பிட்டேன்னு பேசி வெச்சிருக்கேன். அந்த எடத்துல இத ஓடவிடுங்க. ஸ்கிரிப்டுல உள்ள அந்த வெட்டுன குரலு வேண்டாம்.”

“நீரே உள்ள போயிச் சொல்லும் வே. நான் மேடத்துக்கிட்டச் சொல்லுதேன்.”

“வரப்பிடாதுன்னு சொல்லியிருக்கா. போனா ஏன் வந்தியன்னு கேப்பா. இன்னைக்கோட முடியுதுன்னு சொல்லணும். இன்னொரு தடவ என்னால முடியாது, அண்ணாச்சி.”

போனை வாங்கிக்கொண்டேன். “அவ கேக்கான்னு ஒமக்கு எப்படி வே தெரியும்? நான் சொன்னதத்தான் நீரு நம்பவே இல்லையே?”

ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினான். “பில்டு அன்னைக்கெல்லாம் அந்த அறைக்கு வெளிய, செருப்பு விடுத எடத்துலதான் நிப்பேன். கதவுல ரப்பர் பிஞ்சிருக்கு. உள்ள பேசுதது கேக்கும்.”

“எல்லா மாசமுமா?”

“எல்லா மாசமும்.”

“அப்போ ஏன் வே இத்தன வருஷமா என்னையப் பொய்யனாக்கினீரு?”

அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“அது அவதான்னு ஒத்துக்கிட்டா, மாசா மாசம் அவ கேக்கக் கேக்க, கதவுக்கு இங்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு நின்னவன் நான்லா? அதான்.” பிறகு என்னை நேராகப் பார்த்தான். “நீங்க ஊரெல்லாம் சொல்லுதது உள்ளதுதான், அண்ணாச்சி. அம்புட்டும் நடந்தது.”